நிலை பெயர்ந்த வீடு

பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமை தோறும் கூடும் சந்தையில் எது கிடைக்காது என்று சொல்வதுதான் கடினம். பழைய டிரங்க் சாலை நெடுகப் பூச்செடி, புறா, கழற்றிப் போட்ட மின்விசிறி, ஜோடி சேராத சைக்கிள் சக்கரம், யாரோ படித்து முடித்த புத்தகம் என்று கடை பரப்பியிருப்பார்கள். பழைய மரச்சாமான் விற்பவர்களுக்கும் அங்கே இடம் உண்டு. அப்படி ஒரு கடையோரம், மரத்தில் சாய்த்து வைத்திருந்த ஒரு கதவு நிலையைப் பார்த்து நின்றேன். தேக்கு. மேல் சட்டத்தில் கஜலட்சுமி. இரண்டு யானைகளில் ஒன்றுக்குத் துதிக்கை போயிருந்தது. நிலைக்காலின் முதுகில், சுவரோடு சேர்ந்திருந்த பக்கத்தில், பழைய சுண்ணாம்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"எந்த ஊர் நிலைங்க இது?"

"காரைக்குடிப் பக்கம் சார்."

"காரைக்குடிப் பக்கம்னா, எந்த ஊரு?"

"அது வீட்டை இடிச்சவனைத்தான் கேக்கணும். வாங்குறதா இருந்தா விலையைப் பேசுங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. அவர் விற்பது மரம், ஊர் அல்ல. ஆனால் அந்தச் சந்தையிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் முட்டுக்காடு இருக்கிறது. அங்கேயும் செட்டிநாட்டிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த நிலைகளும் தூண்களும் நிற்கின்றன. அதே மரம், அதே தச்சு. ஒன்றைச் சரக்கு என்கிறோம், மற்றதை அருங்காட்சியகம் என்கிறோம். இரண்டுக்கும் நடுவே உள்ள வேறுபாடு என்ன? பழைய வீடொன்றை அருங்காட்சியகமாக்குவது என்றால் உண்மையில் எதைக் காப்பாற்றுகிறோம்? தாம்பரத்திலும் சேலையூரிலும் வாரம் ஒரு வீடு இடிபடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல.

முட்டுக்காட்டுத் தெரு

தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு ஏறி வடக்கே திரும்பினால், முகத்துவாரப் பாலத்தைத் தாண்டியதும் தட்சிணசித்ரா. 1984இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு இதை உருவாக்கியது. அமெரிக்காவில் பிறந்து தமிழ்நாட்டில் வாழ வந்த டெபோரா தியாகராஜன் அதன் நிறுவனர். அரசு குத்தகைக்குத் தந்த சுமார் 10 ஏக்கர் மணல் நிலத்தில் லாரி பேக்கர் அமைப்பை வகுத்துக் கொடுத்தார். அவருடைய வழியில் வந்த பென்னி குரியாகோஸ் கட்டுமானத்தை முன்னெடுத்தார். 1996 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள்.

இங்கே ஒரு மாளிகையை மட்டும் தேடிப் போகிறவர் ஏமாறுவார். தென்னிந்திய மாநிலங்களிலிருந்து வந்த வீடுகள் தெருத்தெருவாக நிற்கின்றன. செட்டிநாட்டு வணிகர் வீட்டிலிருந்து சில அடி நடந்தால் காஞ்சிபுரத்து நெசவாளர் வீடு, தஞ்சாவூர் உழவர் வீடு, குயவர் வீடு, திருநெல்வேலிச் சீமை அக்கிரகார வீடு. இன்னும் நடந்தால் 19ஆம் நூற்றாண்டில் கோட்டயத்தை அடுத்த புதுப்பள்ளியில் கட்டிய சிரியன் கிறித்தவக் குடும்பத்தின் மரவீடு. அதற்கும் அப்பால் வட கர்நாடகத்து இல்கல் நெசவாளர் வீடு, ஆந்திரக் கடற்கரையின் வட்ட வீடு. வரைபடத்தில் பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவை இங்கே கூப்பிடு தூரத்தில் அண்டை வீடுகள்.

இந்த முறைக்கு முன்னோடி ஸ்வீடனில் இருக்கிறது. ஆர்தர் ஹாசேலியுஸ் என்பவர் 1891இல் ஸ்டாக்ஹோம் நகரில் ஸ்கான்சென் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். தொழிற்சாலைகள் பெருகி நாட்டுப்புறம் கரைந்துகொண்டிருந்த காலம். பல மாவட்டங்களிலிருந்து குடியானவர் வீடுகளை வாங்கிப் பிரித்துக் கொண்டுவந்து ஒரே குன்றில் நிறுத்தினார். நம் பக்கத்தில் கர்நாடகத்து மணிப்பாலில் விஜயநாத் ஷெணாய் தனி ஆளாக நின்று உருவாக்கிய பாரம்பரிய கிராமமும் இதே வழியில் எழுந்ததுதான்.

இப்படிக் கொண்டுவருவதில் ஒரு முறை இருக்கிறது. இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்த வீட்டை முதலில் அளந்து வரைகிறார்கள். ஒவ்வொரு தூணுக்கும் உத்தரத்துக்கும் எண் போடுகிறார்கள். பிறகு கூரையிலிருந்து கீழ்நோக்கிப் பிரிக்கிறார்கள். கட்டியது அடியிலிருந்து மேலே. பிரிப்பது மேலிருந்து அடிக்கு. புது இடத்தில் பாரம்பரியத் தச்சர்களும் ஸ்தபதிகளும் எண்ணைப் பார்த்துக் கோக்கிறார்கள். காடியும் கழுந்தும் சேர்ந்த தச்சு என்பதால் இது முடிகிறது. சிமென்டில் வார்த்த வீட்டை இப்படிப் பிரிக்க முடியாது, உடைக்கத்தான் முடியும்.

ஆனால் சுவர் வராது. செட்டிநாட்டு வீட்டின் பெருமைகளில் பாதி அதன் சுவர்ப் பூச்சில் இருக்கிறது. நன்றாக அரைத்த சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பல பூச்சாகப் பூசித் தேய்த்தெடுத்த சுவர், உள்ளங்கையை வைத்தால் பளிங்குபோலக் குளிரும். அதை எண் போட்டு லாரியில் ஏற்ற வழி கிடையாது. ஆக, பெயர்த்துக் கட்டிய எந்த வீட்டிலும் மரம் பழையது, சுவர் புதியது. எலும்பு வந்து சேர்கிறது, தோல் ஊரிலேயே தங்கிவிடுகிறது.

வீட்டுக்குள் வீடுகள்

செட்டிநாட்டு வீட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் அளவைத்தான் முதலில் சொல்வார்கள். ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல். முகப்பில் ஏறினால் திண்ணை, பளபளக்கும் தூண்கள், கணக்குப்பிள்ளை உட்காரும் இடம், தாண்டினால் வளவு. திறந்த முற்றமும் அதைச் சுற்றி ஓடும் தாழ்வாரமும் தாழ்வாரத்தை ஒட்டிய அறைகளும் சேர்ந்ததே வளவு. அதற்கும் பின்னால் இரண்டாம் கட்டு, பந்தி போடும் கூடம், மூன்றாம் கட்டில் அடுப்படி, கிணறு. தெருவாசலில் நின்று பார்த்தால் நிலைக்குள் நிலையாகப் பின்வாசல் வெளிச்சம்வரை ஒரே கோட்டில் தெரியும். இந்தக் காட்சிக்காகவே எத்தனையோ திரைப்படங்கள் அங்கே எடுக்கப்பட்டன.

அளவைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு சொல். நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டுச் செட்டியார்களின் பேச்சில் வளவைச் சுற்றிய அறையை 'அறை' என்று சொல்வதில்லை, 'வீடு' என்பார்கள். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு அறை இருந்தால் 'இரட்டை வீடு'. மாடியில் இருப்பது 'மேல்வீடு'. நாம் மாளிகை என்று ஒருமையில் சொல்வதை, அதில் குடியிருந்தவர்கள் பல வீடுகளாகவே எண்ணியிருக்கிறார்கள்.

அந்த எண்ணத்துக்கு அடியில் ஒரு கணக்கு இருக்கிறது. நகரத்தாரிடையே திருமணமான ஆண் ஒரு 'புள்ளி'. கோயில் வரி புள்ளிக் கணக்கில்தான். மகனுக்குத் திருமணம் ஆனதும் 'வேறு வைப்பது' வழக்கம்: புதுத் தம்பதிக்கு வளவில் ஒரு வீடு, தனி அடுப்பு, ஆண்டுக்கு இவ்வளவு அரிசி பருப்பு என்ற ஏற்பாடு. கூரை ஒன்று, அடுப்பு பல. பெண்ணோடு வந்த வெள்ளிச் சாமான், பித்தளை அண்டா, பர்மிய அரக்குக் கூடை, எனாமல் பாத்திரம் எல்லாம் அவரவர் வீட்டுக்குள் பூட்டுப் போட்டு இருக்கும். வளவும் முகப்பும் எல்லாருக்கும் பொது. கூட்டுக் குடும்பத்துக்கும் தனிக் குடும்பத்துக்கும் இடையில் ஒரு ஒப்பந்தம் எழுதி, அதையே செங்கல்லாலும் தேக்காலும் கட்டி நிறுத்தியதுபோன்ற அமைப்பு இது.

முட்டுக்காட்டில் நிற்பது அந்த நீளத்தில் ஒரு பகுதிதான். வளவில் நின்று சுற்றிலும் பார்க்கிறோம். தூண் இருக்கிறது, நிலை இருக்கிறது, வானத்துக்குத் திறந்த முற்றம் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் தாழ்வாரத்தில் வரிசையாக உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறார்கள். இல்லாமல் இருப்பது பூட்டு. இது யாருடைய வீடு, அது யாருடைய வீடு என்ற கணக்கு. அந்தக் கணக்கு தெரியாதவருக்கு வளவு ஓர் அழகான முற்றம். தெரிந்தவருக்கு அது ஒரு குடும்ப மரம்.

வீடு வந்த வழி

காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிய நாட்டுக்குப் பெயர்ந்து வந்தவர்கள் என்பது நகரத்தார் தங்களைப் பற்றிச் சொல்லும் வரலாறு. இளையாத்தங்குடி தொடங்கிப் பிள்ளையார்பட்டி வரை ஒன்பது கோயில்களைச் சார்ந்து பிரிந்து, 96 ஊர்களில் குடியேறியதாக மரபு. இன்று எஞ்சியிருப்பவை எழுபதுக்குச் சற்று மேல். மண்ணோ வறண்ட மண். அந்த மண்ணில் விளைந்த காசில் இந்த வீடுகள் எழவில்லை. கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், சைகோன், எல்லாவற்றுக்கும் மேலாக ரங்கூன் என்று கடல் கடந்து போய் வட்டிக்கடை நடத்திய காசில் எழுந்தவை.

கீழ் பர்மாவின் ஐராவதி வடிநிலம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகின் பெரிய அரிசிக் களமாக மாறியது. காடு வெட்டி வயலாக்கிய உழவருக்கு முன்பணம் தேவை. ஆங்கிலேய வங்கிகள் சேற்றில் இறங்கி உழவருக்குக் கடன் கொடுக்கத் தயாராக இல்லை. அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் செட்டியார்கள். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் பர்மாவில் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. மூன்றாண்டுக் கணக்குக்குப் போன முகவர்கள் திரும்பி வரும்போது காசோடு பொருளும் வந்தது. தேக்கு பர்மாவிலிருந்து, முதிரை இலங்கையிலிருந்து, பளிங்கு இத்தாலியிலிருந்து, நிலைக்கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து, பூ ஓடு ஜப்பானிலிருந்து. ஆத்தங்குடிக் கல் மட்டும் உள்ளூர்ச் சரக்கு: கண்ணாடித் தகட்டின்மேல் அச்சு வைத்து வண்ணச் சிமென்டு ஊற்றி, மணலும் சிமென்டும் போட்டு அமுக்கி, ஊற வைத்துக் காய வைப்பது. கண்ணாடியை விட்டுப் பிரியும்போதே மெருகோடு பிரியும்.

ஆக, செட்டிநாட்டு வீடு பிறக்கும்போதே பிற இடங்களிலிருந்து வந்து கூடியது. முட்டுக்காட்டில் நிற்கும் தேக்குத் தூணைப் பார்த்து, 'பாவம், ஊரை விட்டு வந்துவிட்டது' என்று இரங்குகிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அந்தத் தூணுக்கு இது இரண்டாவது பயணம். முதல் பயணத்தில் அது ஐராவதிக் காட்டை விட்டுக் கடல் கடந்து வந்தது. அப்போது யாரும் அதற்காக இரங்கவில்லை.

காசு வந்த வழியே அடைபட்டது. 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் அரிசி விலை சரிந்தது. கடனைத் திருப்ப முடியாத உழவரின் நிலம் கடன் கொடுத்தவர் கைக்குப் போனது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார் வசம் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். 1938இல் அது ஏறத்தாழ 25 சதவீதம். பணமாக ஓடிக்கொண்டிருந்தது நிலமாக உறைந்துவிட்டது. உழவரின் பார்வையில் இது வயலைப் பறிகொடுத்த கதை. அந்தக் கசப்பு அரசியலாகவும் கலவரமாகவும் வெடித்தது. செட்டிநாட்டு வளவின் அழகைப் பேசும்போது, அந்த நிலைகளுக்குப் பின்னால் ஐராவதி உழவரின் கடன் பத்திரமும் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது ஆயிரக்கணக்கான இந்தியர்கள் கால்நடையாகவே திரும்பினார்கள். 1948இல் விடுதலை பெற்ற பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. வீடு கட்டும் காலம் அதோடு முடிந்தது. வீட்டைப் பராமரிக்கும் காலம் தொடங்கியது. அது கட்டுவதைவிடக் கடினமானது.

விலைக்கணக்கு

ஒரு வீடு ஏன் இடிபடுகிறது? கைவிடப்பட்டதால் என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். ஆனால் கைவிடப்பட்ட வீடெல்லாம் இடிபடுவதில்லை. பூட்டியே கிடப்பவை செட்டிநாட்டில் எத்தனையோ. இடிபடுவதற்கு ஒரு விலைக்கணக்கு கூடி வர வேண்டும்.

தாம்பரத்தை எடுத்துக்கொள்வோம். 1937இல் கிறித்தவக் கல்லூரி இங்கே இடம் மாறி வந்தபோது சுற்றிலும் புதர்க்காடு. பிறகு மின்ரயிலை நம்பி வந்த அலுவலர்கள் கட்டிய ஓட்டு வீடுகளும் மொட்டைமாடி வீடுகளும் எழுந்தன. 2021இல் தாம்பரம் மாநகராட்சியானது. இன்று மனைக்கு விலை. அதன்மேல் நிற்கும் வீட்டுக்கு விலை இல்லை. பத்திரப் பதிவின்போது பழைய வீட்டை யாரும் மதித்துப் பேசுவதில்லை. நிலத்துக்காக வீடு போகிறது.

செட்டிநாட்டில் நேர்மாறு. ஊர் உள்ளொடுங்கிக் கிடப்பதால் மனைக்கு நகரத்து விலை கிடையாது. ஆனால் உள்ளே நிற்கும் பர்மாத் தேக்குக்கு விலை உண்டு. மரத்துக்காக வீடு போகிறது. காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் இந்தக் கணக்கின் மறுபக்கத்தைக் காணலாம்: கடை கடையாக நிலை, தூண், எனாமல் தட்டு, ரவிவர்மா அச்சுப் படம், பீங்கான் ஜாடி, யாரோ ஒரு ஆச்சியின் கல்யாணச் சாமான். அங்கிருந்து கிளம்பும் தூண்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையின் பண்ணை வீடுகளிலும் தென்சென்னை உணவகங்களின் முகப்பிலும் போய் நிற்கின்றன. சில பல்லாவரம் வரை வந்து மரத்தில் சாய்ந்து நிற்கின்றன.

பங்கு இன்னொரு காரணம். புள்ளி புள்ளியாகப் பெருகிய குடும்பத்தில் ஒரு வீட்டுக்கு நாற்பது ஐம்பது பங்காளிகள் இருப்பது அபூர்வமல்ல. ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் நியூ ஜெர்சியில், ஒருவர் நங்கநல்லூரில். ஓடு மாற்ற வேண்டுமென்றால் எல்லாரும் காசு போட வேண்டும். விற்க வேண்டுமென்றால் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். எந்த அமைப்பு அந்த வீட்டைப் பிறப்பித்ததோ அதே அமைப்பே அதைப் பராமரிக்க முடியாமலும் செய்கிறது. முன்னோருக்குப் படைப்புப் போடும் வீடு, கல்யாணத்துக்குக் கூடும் வீடு என்றால் சுண்ணாம்பு பூசிக்கொண்டு நிற்கிறது. அந்த வழக்கம் நின்றுபோன வீட்டில் முதல் மழைக்கு ஓடு சரிகிறது. இரண்டாவது மழைக்கு வியாபாரி வருகிறார்.

இடித்து விற்பது ஒரு வழி. விடுதியாக்குவது இன்னொரு வழி. கானாடுகாத்தானில் சில வீடுகள் அப்படிப் பிழைத்திருக்கின்றன. பெயர்த்து அருங்காட்சியகத்துக்குத் தருவது மூன்றாவது வழி. இருந்த இடத்திலேயே அருங்காட்சியகமாக்குவது நான்காவது வழி. நம்மிடம் மிகக் குறைவாக நடப்பது இந்த நான்காவதுதான்.

ஒரு தீவும் ஒரு பழக்கமும்

அந்த நான்காவது வழிக்கு ஓர் எடுத்துக்காட்டு: கிரேக்க நாட்டின் ஹைட்ரா தீவில் துறைமுகத்துக்கு மேலே, குன்றின் சரிவில், காவி மஞ்சள் நிறத்தில் ஒரு மாளிகை நிற்கிறது. லாசரோஸ் குந்துரியோத்திஸ் என்ற கப்பல் முதலாளியின் வீடு. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டியது. இன்று ஏதென்ஸ் தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தின் கிளையாக இருக்கிறது. குடும்பத்தின் வாரிசு கொடையாகத் தந்தது.

ஹைட்ராவுக்கும் செட்டிநாட்டுக்கும் உள்ள ஒற்றுமை வியப்பூட்டும். இரண்டும் வறண்ட மண். ஹைட்ரா பாறைத் தீவு, தண்ணீருக்கே பஞ்சம். இரண்டு ஊராரும் கடலை நம்பிப் பிழைத்தவர்கள். நெப்போலியன் காலப் போர்களின்போது ஆங்கிலேயரின் கடல் முற்றுகையை ஊடுருவித் தானியக் கப்பல் ஓட்டிக் காசு பார்த்தார்கள் ஹைட்ராக்காரர்கள். அங்கே கோதுமை, இங்கே அரிசி. இரண்டு ஊரிலும் வெளியூர்ப் பாணியும் வெளியூர்ப் பொருளும் கலந்த பெரிய வீடுகள் எழுந்தன. இரண்டும் உலகம் மாறியபோது வாடின.

பிறகு வழிகள் பிரிந்தன. 1821இல் தொடங்கிய கிரேக்க விடுதலைப் போருக்கு லாசரோஸ் தம் கப்பல்களையும் செல்வத்தையும் கொடுத்தார். அவர் தம்பி கெயோர்கியோஸ் பின்னாளில் நாட்டின் பிரதமரானார். அதனால் அந்த வீடு ஒரு குடும்பத்தின் சொத்து என்ற நிலையைத் தாண்டி ஒரு தேசத்தின் கதையில் இடம்பெற்றுவிட்டது. அதோடு ஊரே காப்பாற்றப்பட்டது. தீவில் கார், பைக் ஓடுவதில்லை. சாமான் இன்றும் கழுதை மேல் ஏறுகிறது. வருகிறவர்கள் அந்த அமைதியைப் பார்க்கத்தான் வருகிறார்கள். நின்ற இடத்தில் நிற்பதற்கே அந்த வீட்டுக்கு ஒரு விலை இருக்கிறது. செட்டிநாட்டில் மரத்துக்கும் தாம்பரத்தில் மனைக்கும் இருப்பது, அங்கே நிற்றலுக்கு இருக்கிறது.

நம்மிடம் இருந்த இடத்திலேயே காக்கப்படும் வீடுகள் இல்லாமல் இல்லை. திருவல்லிக்கேணியில் பாரதி வாழ்ந்த வீடு, தியாகராய நகரில் காமராஜர் வாழ்ந்த வீடு, எம்.ஜி.ஆர். நினைவில்லம். மெரினா எதிரே உள்ள ஐஸ் ஹவுஸ், 1840களில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டியது. 1897இல் விவேகானந்தர் சில நாள் தங்கிப் பேசியதால் இன்று விவேகானந்தர் இல்லம். கவனித்தால் ஒரு பழக்கம் புலப்படும். நாம் வீட்டைக் காப்பாற்றுவதில்லை, ஆளைக் காப்பாற்றுகிறோம். 'நினைவில்லம்' என்ற சொல்லே அதைச் சொல்கிறது. பெயர் பெற்றவர் வாழ்ந்தால் வீடு நிற்கும். பெயரில்லாத ஐம்பது புள்ளிகள் வாழ்ந்த வளவுக்கு அந்த வாய்ப்பு இல்லை. குயவர் வீட்டுக்கும் நெசவாளர் வீட்டுக்கும் சொல்லவே வேண்டாம்.

முட்டுக்காட்டின் முக்கியத்துவம் இங்கேதான் தெரிகிறது. அங்கே எந்த வீட்டிலும் புகழ்பெற்றவர் வாழ்ந்ததாகப் பலகை இல்லை. வீடு வீடாக இருப்பதற்காகவே காக்கப்பட்டிருக்கிறது. தலைவர்களின் நினைவில்லங்களுக்குப் பழகிய தமிழ்நாட்டில், ஒரு குயவரின் கூரைக்கும் அருங்காட்சியகத்தில் இடம் உண்டு என்று சொன்னது சிறிய காரியம் அல்ல. அதற்கு விலையாக ஊரைக் கொடுக்க வேண்டியிருந்தது. ஊருணி இல்லாத வளவு. முற்றத்து மழைநீர் எங்கே போய்ச் சேரும் என்று காட்ட முடியாத வளவு. அந்த ஊருணியும் நேர்நேரான தெருக்களும் சேர்ந்த முழு ஊர்களைத்தான் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இந்தியா சேர்த்தது. பட்டியலில் இருப்பது ஊர். அருங்காட்சியகத்தில் இருப்பது வீடு. சந்தையில் இருப்பது நிலை. ஒன்றிலிருந்து ஒன்றாக உதிர்ந்த நிலைகள் இவை.

விலாசம்

பல்லாவரத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. 1863 மே மாதம் இங்கே ஒரு செம்மண் சரளைக் குழியில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் ஒரு கல்லைப் பொறுக்கினார். மனிதக் கை செதுக்கிய பழைய கற்காலக் கருவி அது. இந்தியாவின் தொல்மனிதன் பற்றிய ஆராய்ச்சி அந்தக் கல்லில் தொடங்கியது என்பார்கள். அன்று அந்தக் குழியில் அதைப் போன்ற கற்களை மிதித்து நடந்தவர்கள் பலர் இருந்திருப்பார்கள். ஃபூட் செய்த வேலை, எந்த இடத்தில், எந்தப் படிவத்தில் கிடைத்தது என்று எழுதி வைத்தது. அந்தக் குறிப்பு இல்லையென்றால் அது வெறும் கூரான கல்.

சந்தையில் சாய்ந்திருந்த நிலைக்கும் முட்டுக்காட்டு நிலைக்கும் உள்ள வேறுபாடும் அதுவே. மரத்தில் வேறுபாடு இல்லை. ஒன்றுக்கு விலாசம் இருக்கிறது, மற்றதற்கு இல்லை. நகரத்தார் வழக்கில் 'விலாசம்' என்பது தெருவும் கதவு எண்ணும் அல்ல. தாத்தா, அப்பா பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த கடையின் பெயர், குடும்பத்தின் பெயர். அந்த எழுத்துகளை நம்பி ரங்கூனிலும் பினாங்கிலும் உண்டியல் செல்லுபடியானது. விலாசம் போனால் நாணயம் போயிற்று. ஒரு தூணுக்கும் அப்படித்தான். எந்த ஊர், எந்தக் கட்டு, எந்தப் பக்கத்துத் தூண் என்ற எண் அதன்மேல் இருக்கும்வரை அது ஒரு வீட்டைத் திரும்பச் சொல்லும். எண் அழிந்தால் எந்த உணவகத்தின் முகப்புக்கும் பொருந்தும்.

எல்லா வீட்டையும் காப்பாற்ற முடியாது, காப்பாற்றவும் வேண்டாம். வீடு கட்டியவர்களே பழையதைத் தள்ளிவிட்டுத்தான் புதியதைக் கட்டினார்கள். ஆனால் இடிக்கும் முன் அளந்து வைக்க முடியும். அதற்கு 10 ஏக்கர் வேண்டாம். ஒரு நாடாவும் நோட்டும் அரை நாளும் போதும்.

சென்ற கோடையில் எங்கள் தெருவில் ஒரு வீட்டை இடித்தார்கள். மாளிகை அல்ல, முன்னால் சிமென்டுத் திண்ணை, நடுவில் கூடம், பின்னால் கிணறு என்று கிழக்குத் தாம்பரத்தில் நூற்றுக்கணக்கில் இருந்த வகை. பொக்லைன் வருவதற்கு முதல் நாளே வாசல் நிலையைக் கழற்றி வெளியே வைத்திருந்தார்கள். வாங்கிய வியாபாரியின் ஆட்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். கஜலட்சுமி கிடையாது, வெறும் வேங்கைச் சட்டம். உயரம், அகலம், சட்டத்தின் கனம் மூன்றையும் அளந்தேன். மேல் சட்டத்தின் முதுகில் தச்சர் பென்சிலால் போட்ட ஒரு கணக்கு அப்படியே இருந்தது: இரண்டு அளவுகள், நடுவே ஒரு கூட்டல் குறி. சுவர் அதைப் பத்திரமாக மூடி வைத்திருக்கிறது.

அதற்குக் கீழே, அடுத்த சுவரும் மூடிக்கொள்ளும் என்ற நம்பிக்கையில், தெருப் பெயரையும் தாம்பரம் என்பதையும் அன்றைய தேதியையும் பென்சிலால் எழுதினேன். ஆட்கள் வந்தார்கள். நிலையை வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டினார்கள். எங்கே போகிறது என்று கேட்டேன். "வெள்ளிக்கிழமை சந்தைக்கு" என்றார் ஒருவர்.